நிறம் எங்கே விழும்?

வணக்கம் நேயர்களே.

குளிர் தொடங்கியதும் பின்னல் ஊசியைத் தேடுகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கம்பளி நூல் கடையில் ஒற்றை நிறக் கண்டுகளுக்குப் பக்கத்தில், முறுக்கிய சிட்டமாகச் சில நூல்கள் தொங்கும். நீலம், ஊதா, கடுகு மஞ்சள் எல்லாம் ஒரே சிட்டத்தில். விலையும் கூட. ஆசையாக வாங்கிச் சுவெற்றர் பின்னினால், சிட்டத்தில் பார்த்த அழகு எங்கோ போய்விடும். நெஞ்சுக்கு நடுவே ஒரு பெரிய ஊதாத் திட்டுத்தான் மிஞ்சும். ஏன் அப்படி ஆகிறது, எப்படித் தவிர்க்கலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. நேரம் இருந்தால் கழுவுவதைப் பற்றியும் சொல்கிறேன்.

இது கையால் நிறம் தீட்டிய நூல். நம் ஒன்ராறியோவிலேயே கோய்கு என்ற பெயரில் ஒரு தாயும் மகளும் தொடங்கிய தொழில் இதற்குப் பேர்போனது. உருகுவேயில் 1968 இல் தொடங்கிய மனோஸ் டெல் உருகுவே, கிராமத்துப் பெண்களின் கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்த்துக் கட்டிய அமைப்பு. அங்கே நூலைப் பானையில் சாயம் காய்ச்சி எடுப்பார்கள். தீட்டும் முறை வேறு. சிட்டத்தை வினாகிரி கலந்த தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மேசையில் நீட்டிப் போட்டு, தூரிகையாலோ மூக்குப் போத்தலாலோ பகுதி பகுதியாகச் சாயம் இடுவார்கள். பிறகு பிளாஸ்ரிக் தாளில் சுற்றி அரை மணி நேரமாவது ஆவியில் வைத்து, தானாக ஆறவிட்டு அலசுவார்கள். கம்பளியும் பட்டும் இந்தச் சாயத்தைப் பிடிக்கும், பருத்தி பிடிக்காது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சிட்டம் என்பது ஒரு வளையம். அதன் சுற்றளவு ஒன்றரை மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் நீலம் தீட்டினால், ஒவ்வொரு ஒன்றரை மீற்றருக்கும் நீலம் திரும்பி வரும், நூல் முடியும்வரை. போச்சம்பள்ளிச் சேலையிலும் நெய்வதற்கு முன்னரே நூலுக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். ஆனால் எந்த நிறம் சேலையில் எங்கே விழும் என்று கணக்குப் போட்டுத்தான் நூலைக் கட்டிச் சாயத்தில் தோய்க்கிறார்கள். இங்கே சாயம் தீட்டுகிறவருக்கு நீங்கள் என்ன பின்னப் போகிறீர்கள் என்றே தெரியாது. கணக்கு உங்கள் தலையில்.

கணக்கு ஒன்றும் பெரிதல்ல. ஒரு வரிசை பின்ன, அதன் அகலத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு நூல் போகும். ஒன்றரை மீற்றர் நூல் என்றால் அரை மீற்றர் அகலம். பத்துச் சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி, அதாவது 22 பின்னல் வளையம், விழுகிற கை உங்களுடையது என்றால், ஒரு நிறச் சுழற்சிக்கு, அதாவது ஒரு நிறம் தொடங்கி அதே நிறம் திரும்பி வரும்வரை, 110 கண்ணி. மூன்று மடங்கு என்பது மதிப்புத்தான். அதை நம்பிச் சுவெற்றரைத் தொடங்கவேண்டாம். ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள். ஒரு நிறம் தொடங்கும் கண்ணியில் குறி வைத்து, அதே நிறம் மறுபடி தொடங்கும்வரை எண்ணுங்கள். இரண்டு மூன்று முறை எண்ணுங்கள். கையின் இறுக்கம் மாறினால் எண்ணும் மாறும். ஊசியின் தடிப்பைக் கால் மில்லிமீற்றர் மாற்றினாலே சில கண்ணி கூடும், குறையும்.

எண்ணி 110 வந்தது என்று வைப்போம். வட்ட ஊசியில் 220 கண்ணி போட்டுச் சுவெற்றரின் உடம்பைப் பின்னுகிறீர்கள். சரியாக இரண்டு சுழற்சி. ஒவ்வொரு சுற்றிலும் நீலத்தின் மேல் நீலம், மஞ்சளின் மேல் மஞ்சள். முன்னால் ஒரு பட்டை, பின்னால் ஒரு பட்டை, நெட்டாக எழும்பிவிடும். நெஞ்சில் திட்டு விழுகிற காரணம் இதுதான். நாலு கண்ணியைக் கூட்டியோ குறைத்தோ போட்டால் நிறம் ஒவ்வொரு சுற்றிலும் நகர்ந்து சாய்வாக ஏறும். வேண்டுமென்றே பட்டை வர வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், ஒரு கழுத்துத் துண்டுக்கு அது அழகுதான். சுவெற்றருக்கு வேண்டாம் என்பேன். அகலம் மாறும் இடமெல்லாம் குட்டு வெளிப்படும். உடம்பில் சின்னக் கோடுகளாகச் சிதறிய நிறம், தோள்பட்டையில் 20 கண்ணி மட்டும் இருக்கும்போது வரிசை முழுவதையும் நிறைத்து, தடித்த வரிகளாக நிற்கும். அது வேறு ஒரு சுவெற்றரின் தோளை வெட்டி ஒட்டியது போலிருக்கும்.

மேலிருந்து தொடங்கும் முக்கோணச் சால்வையில் இது இன்னும் வெளிப்படை. விரல்விட்டு எண்ணக்கூடிய கண்ணிகளில் தொடங்கி, இரண்டு வரிசைக்கு நாலு கண்ணி என்று கூட்டிக்கொண்டே போகிறீர்கள். கழுத்தருகே பட்டைகள். நடுவில், ஒரு வரிசை ஒரு சுழற்சிக்கு அருகில் வரும் இடத்தில், திட்டுத்திட்டாகக் கூடும். 300 கண்ணி தாண்டியதும் சிறு கோடுகளாகச் சிதறும். சால்வைக்கு இந்த மாற்றம் பொருந்தும். ஆனால் பின்னல் சாதாரணமாக இருக்கவேண்டும். பல நிற நூலில் நுணுக்கமான பூ வேலை செய்தால் பூ தெரியாது, நிறமும் தெளியாது.

இனி மருந்து. இரண்டு சிட்டத்தை மாற்றி மாற்றிப் பின்னுங்கள்: ஒன்றில் இரண்டு வரிசை, மற்றதில் இரண்டு வரிசை. நூலை வெட்டவேண்டாம், ஓரத்தில் தளர்வாக மேலே கொண்டுபோங்கள். இழுத்தால் அந்த ஓரம் சுருங்கிச் சால்வை கோணிவிடும். வட்டமாகப் பின்னினால் ஒரு சுற்று ஒன்று, அடுத்த சுற்று மற்றது; மாற்றும் இடத்தை அக்குளுக்குக் கீழே வையுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கைச்சாயத்தில் ஒரே பெயருள்ள இரண்டு சிட்டம்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. மாற்றிப் பின்னினால் வேறுபாடு கலந்துவிடும். ஒன்றை முடித்து மற்றதைத் தொடங்கினால் வயிற்றின் குறுக்கே கோடு விழும். ஆகவே நூலை ஒரே தடவையில், ஒரு சிட்டம் கூடுதலாகவே வாங்குங்கள். கோய்குவின் மெல்லிய மெரினோ நூல், அதாவது மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளி நூல், 50 கிராம் சிட்டத்தில் 160 மீற்றர். சால்வைக்கு மூன்று நான்கு போதும். பெரியவர் சுவெற்றருக்கு 1,500 மீற்றர் வரை போகலாம், அதாவது பத்துச் சிட்டம்.

இன்னொரு வழி, ஒரு கண்ணியைப் பின்னி, அடுத்ததைப் பின்னாமல் நூலை முன்னால் விட்டு மற்ற ஊசிக்கு மாற்றுவது. நிறம் புள்ளிகளாக உடையும். துணி விறைக்கும் என்பதால் இரண்டு அளவு பெரிய ஊசி வேண்டும்.

நிலையத்தார் கை காட்டுகிறார்கள், கழுவுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னுமுன் நூலை நனைத்த வெள்ளைத் துணியில் சுற்றி அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால், அதிகச் சாயம் தங்கியிருக்கலாம், அல்லது சூடோ புளிப்போ போதாமல் இருக்கலாம். சிட்டத்தை வினாகிரித் தண்ணீரில் மெல்லச் சூடாக்கி, கொதிக்கவிடாமல், ஆறவிட்டு அலசுங்கள். முடித்த உடுப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்து, துவாயில் சுருட்டி அழுத்தி, தட்டையாகப் போட்டுக் காயவிடுங்கள். மெஷினில் கழுவலாம் என்ற மெரினோ ஈரத்தில் நீளும். மாதிரித் துண்டையும் கழுவிக் காயவைத்த பிறகே அளக்கவேண்டும். நிறச் சுழற்சியை மட்டும் கழுவுமுன் எண்ணிக்கொள்ளுங்கள், ஊசியில் இருக்கும்போதே. வணக்கம்.