பதினோராவது படியில் விழும் எண்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான் பேச்சு. திரையில் பாருங்கள்: 277777788888899. ஒரு 2, ஆறு 7, ஆறு 8, இரண்டு 9, ஆக 15 இலக்கம். வாயால் சொல்வதென்றால் இரண்டே முக்கால் கோடி கோடிக்குக் கொஞ்சம் மேலே. யாரோ விசைப்பலகையில் விரலை வைத்தபடி தூங்கிவிட்ட மாதிரி இருக்கிறது, இல்லையா?

விளையாட்டு இதுதான். ஓர் எண்ணின் இலக்கங்களை எல்லாம் பெருக்குங்கள். வந்த விடையின் இலக்கங்களை மறுபடி பெருக்குங்கள். ஒற்றை இலக்கம் வரும்வரை விடாதீர்கள். 39 என்றால் 27, 14, 4. மூன்று படியில் முடிந்துவிட்டது. 77 என்றால் 49, 36, 18, 8. நான்கு படி.

சரி, இப்போது நம் ஆளை இறக்குவோம். முதல் படி 4996238671872. அப்புறம் 438939648. அப்புறம் 4478976, 338688, 27648, 2688, 768, 336, 54, 20, கடைசியில் 0. பதினொரு படி! கால்குலேட்டரில் நீங்களே தட்டிப் பாருங்கள். முதல் பெருக்கலை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். நான் ஒரு 7-ஐ விட்டுவிட்டு இரண்டு முறை தப்பாகப் போட்டேன்.

பதினொரு படி தாங்கும் எண்களில் இதுதான் மிகச் சிறியது. இலக்கங்கள் ஏன் ஏறுவரிசையில் நிற்கின்றன? பெருக்கலுக்கு வரிசை முக்கியமில்லை. இதே இலக்கங்களை 12,61,260 விதமாக மாற்றி அடுக்கலாம், எல்லாம் பதினொரு படிதான். அதில் சிறியது வேண்டுமென்றால் சின்ன இலக்கத்தை முன்னால் வைக்க வேண்டும், அவ்வளவுதான். இடையில் எத்தனை 1 செருகினாலும் விடை மாறாது என்பதால், பதினொரு படி எண்கள் முடிவில்லாமல் உண்டு. ஆனால் அது கொஞ்சம் ஏமாற்று வேலை.

இந்த விளையாட்டில் எமன் 0. எங்கே ஒரு 0 வந்தாலும் அடுத்த படியில் ஆட்டம் முடிந்தது. அவனுக்குத் தூதுவன் 5. ஓர் இரட்டைப்படை இலக்கத்தோடு (2, 4, 6, 8) 5 சேர்ந்தால் விடை 0-வில்தான் முடியும். நம் எண் இறங்கும் வழியைத் திரும்பப் பாருங்கள். எட்டுப் படி வரை 5 தலைகாட்டவே இல்லை. ஒன்பதாவதில் 54 வருகிறது, 5-உம் 4-உம் பக்கத்தில் பக்கத்தில். அடுத்தது 20, அடுத்தது 0. எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1973-இல் நீல் ஸ்லோன் என்ற கணிதவியலாளர், ஓர் எண் எத்தனை படி தாங்குகிறது என்பதற்கு 'பெர்சிஸ்டன்ஸ்' என்று பெயர் வைத்து எழுதினார். தமிழில் விடாப்பிடி என்று சொல்லலாம். பத்தடிமானத்தில், அதாவது 0 முதல் 9 வரை இலக்கங்களால் நாம் வழக்கமாக எழுதும் முறையில், விடாப்பிடிக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும் என்பது அவருடைய ஊகம். 233 இலக்கம் வரைக்கும், அதைத் தாண்டியும், கணினியில் தேடிவிட்டார்கள். பன்னிரண்டு படி எண் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

பெரிய எண்ணாக எடுத்தால் கிடைக்குமே என்று தோன்றும். நேர்மாறு. 200 இலக்கத்தில் ஒரு விடை வந்தால், அதில் ஒரு 0 கூட இல்லாமல் இருக்கும் வாய்ப்பு தோராயமாக 140 கோடியில் ஒன்று. எண் நீள நீள எமனுக்கு வசதி. ஆனாலும் வாய்ப்புக் கணக்கு நிரூபணம் ஆகாதே! பன்னிரண்டு படி எண் கிடையவே கிடையாது என்று இதுவரை ஒருவரும் நிரூபிக்கவில்லை.