கடலைக் காப்பாற்றியது நம்முடைய தாகம்தான்! சிங்கப்பூரின் தேக்காவில் நழுவிய ஒரு பிளாஸ்டிக் பை எங்கே போகிறது?

[திரையில்: தேக்கா நிலையம், சாலையோரம், மழை]

தேக்கா நிலையத்தில் தே பெங், அதாவது ஐஸ் டீ வாங்குகிறீர்கள். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஸ்ட்ரா செருகி, மேலே கயிறு கட்டிக் கொடுக்கிறார்கள். குடித்து முடித்த பை கையிலிருந்து நழுவி, மழைநீரோடு லோங்காங்குக்குள், அதாவது சாலையோர வடிகாலுக்குள் விழுகிறது. உங்களுக்கோ பஸ் வந்துவிட்டது.

அந்தப் பை கடலுக்குப் போகுமா, போகாதா? வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு பதிலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் என்று நினைத்தவர்களே, அது அவ்வளவு எளிதில்லை. அந்தப் பையைத் தடுக்க வழி நெடுக ஆட்களும் கம்பிகளும் படகுகளும் காத்திருக்கின்றன. ஆனால் ஆமை மூக்கில் ஸ்ட்ரா மாட்டக்கூடாது என்ற இரக்கத்தில் அவற்றை யாரும் அங்கே வைக்கவில்லை. அந்தத் தண்ணீரை நாம் குடிக்கப்போகிறோம் என்பதால் வைத்தார்கள்.

வணக்கம். இன்றைக்குக் கடல் பிளாஸ்டிக். முதலில் சலிப்பான பகுதி, வேகமாக முடித்துவிடுகிறேன், யாரும் தள்ளிவிட்டு ஓடாதீர்கள்.

[திரையில்: உலக வரைபடம், எண்கள்]

2017இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 2015 வரை உலகம் செய்த பிளாஸ்டிக் 830 கோடி டன். அதில் குப்பையாகிப்போனது 630 கோடி டன். அந்தக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 9%, எரிக்கப்பட்டது 12%. மிச்சம் குப்பைமேட்டிலோ, காட்டிலோ, கடலிலோ கிடக்கிறது. நிலத்திலிருந்து கடலுக்குப் பிளாஸ்டிக்கைக் கொண்டுபோவதில் ஆறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2021இல் வந்த இன்னோர் ஆய்வு, ஆயிரத்துக்கும் சற்று அதிகமான ஆறுகளே ஆற்றுவழிப் பிளாஸ்டிக்கில் 80 சதவீதத்தைக் கடலில் கொட்டுகின்றன என்று கணக்கிட்டது. அவற்றில் பல, நகரங்களின் நடுவே ஓடும் சின்னச் சின்ன ஆறுகள்.

பசிபிக் நடுவில் ஒரு "குப்பைத் தீவு" இருக்கிறதாமே? தீவெல்லாம் இல்லை, அங்கே இறங்கி நடக்க முடியாது. கிட்டத்தட்ட 16 லட்சம் சதுர கிலோமீட்டரில் குப்பை பரவிக் கிடக்கிறது, அதன் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு மீன்பிடி வலைகள். அங்கே போய் அள்ளுவதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் என் ஓட்டு ஆற்றுக்குத்தான். நடுக்கடலில் பரவிய பிறகு தேடி எடுப்பதைவிட, கால்வாய் வாயில் நின்று பிடிப்பது எவ்வளவோ மேல்.

சரி, சலிப்பு முடிந்தது. இப்போது நம் தே பெங் பைக்கு வருவோம்.

[திரையில்: ரோச்சோர் கால்வாய், பிறகு காலாங் படுகை]

தேக்கா பக்கத்து வடிகால் நீர் ரோச்சோர் கால்வாய்க்குப் போகும். அங்கிருந்து காலாங் படுகை, பிறகு மரினா நீர்த்தேக்கம். இந்த நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் தரும் நிலப்பரப்பு சுமார் 10,000 ஹெக்டேர், அதாவது சிங்கப்பூரின் ஆறில் ஒரு பங்கு. ஆர்ச்சர்ட் ரோட்டில் பெய்யும் மழை, தோ பாயோவில் பெய்யும் மழை, சிராங்கூன் ரோட்டில் பூக்கடைக்காரர் தெளிக்கும் தண்ணீர், எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கின்றன.

நாடு முழுவதும் பார்த்தால், சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. உங்கள் புளோக்குக்குக் கீழே ஓடும் வடிகால் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய சமையலறைக் குழாயில் போய் முடிகிறது. சுத்திகரித்துத்தான் வருகிறது, பயப்படாதீர்கள்.

வழியில் என்னென்ன இருக்கின்றன? சில வடிகால் வாய்களில் கம்பித் தடுப்புகள், பை முதலில் மாட்டுவது அங்கேதான். அதைத் தாண்டினால் கால்வாய்களில் குப்பைப் பொறிகள். அதையும் தாண்டினால் ஆற்றுக்குக் குறுக்கே மிதக்கும் தடுப்புகள், அவற்றை அடுத்து மிதக்கும் குப்பையை அள்ளும் படகுகள். வெயிலில் அந்தப் படகில் நீள வலைக்கோலோடு நிற்கும் ஊழியரைப் பார்த்திருப்பீர்கள். மரினா பே பக்கம் செல்ஃபி எடுக்கிறவர்கள் அவரைப் படத்திலிருந்து வெட்டிவிடுகிறார்கள். அவர் இல்லாவிட்டால் அந்தப் படமே அவ்வளவு அழகாக வராது.

இதெல்லாம் முடிந்த பிறகு கடைசித் தடை, மரினா அணைக்கட்டு. 2008இல் திறந்தார்கள். 350 மீட்டர் அகலம், ஒன்பது மதகுகள். உள்ளே நன்னீர், வெளியே உப்புநீர். கனமழை பெய்து, கடல்மட்டம் தாழ்ந்திருந்தால் மதகுகள் திறக்கும், அதிகப்படியான நீர் கடலுக்குப் போகும். கடல்மட்டம் உயர்ந்திருந்தால் மதகைத் திறக்க முடியாது, அதனால் ஏழு பெரிய பம்புகள் நீரை வெளியே தள்ளும். நம் பைக்குக் கடலைப் பார்க்கும் வாய்ப்பு, ஒரு பெருமழை நாளில், எல்லாத் தடுப்பையும் ஏமாற்றிவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தால்தான்.

[திரையில்: பழைய சிங்கப்பூர் ஆறு, படகுக் கூட்டம்]

இதே நீர்த்தேக்கத்தில் வந்து சேரும் சிங்கப்பூர் ஆறு எப்போதும் இப்படிச் சுத்தமாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் இதில் சரக்குப் படகு வலித்தவர்களில் தமிழ் முஸ்லிம்களான நம் சூலியாக்கள் பலர். அந்தக் காலத்திலிருந்து 1970கள் வரை ஆறுதான் துறைமுகம், ஆறுதான் குப்பைத்தொட்டி. கரையோர உணவுக்கடைகளின் கழிவு, பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, படகு எண்ணெய், எல்லாம் அதற்குள். வயதானவர்களைக் கேட்டுப்பாருங்கள், ஆற்றைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் மூக்கைப் பொத்திக் காட்டுவார்கள்.

1977இல் பிரதமர் லீ குவான் யூ, பத்து ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க வேண்டும் என்று ஓர் இலக்கு வைத்தார். அதை எங்கே நின்று சொன்னார் என்பதுதான் எனக்குப் பிடித்த தகவல். அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் திறப்பு விழாவில்! அவர் கவலை குடிநீர். மலேசியாவிலிருந்து வரும் தண்ணீருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, ஒப்பந்தத்துக்கு முடிவு தேதியும் இருக்கிறது. 1962 ஒப்பந்தம் 2061 வரைதான். அதனால் சொந்த நிலத்தில் விழும் ஒவ்வொரு துளியும் வேண்டும், அந்தத் துளி சுத்தமாகவும் வேண்டும்.

பத்தாண்டு வேலை. தெருவோரக் கடைகள் உணவங்காடி நிலையங்களுக்குப் போயின, பண்ணைகள் போயின, 1983இல் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. பிழைப்பைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தவர்களுக்கு அது சுலபமாக இருந்திருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கிட்டத்தட்ட 17 கோடி வெள்ளி செலவு. 1987இல் ஆறு சுத்தம். அதே ஆற்றின் முகத்துவாரத்தை அடைத்துக் குடிநீராக்கலாம் என்ற யோசனை பிறகு மரினா அணைக்கட்டாக வந்து நின்றது.

கடலாமைக்காகச் செய்யுங்கள் என்று கேட்டிருந்தால் இவ்வளவு பணம் கிடைத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். குடிதண்ணீர் என்றதும் கிடைத்தது. சுற்றுச்சூழல் நண்பர்களுக்கு இந்தக் கருத்துக் கசக்கலாம், கமெண்டில் வந்து சண்டை போடுங்கள், தயார்.

அள்ளிய குப்பை எங்கே போகிறது? எரிஉலைக்கு. கனஅளவு 90% குறையும், சாம்பல் துவாஸிலிருந்து படகில் நம் குப்பைமேடான செமாக்காவ் தீவுக்குப் போகும், அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். பிளாஸ்டிக்கில் மறுசுழற்சியாவது சுமார் 5% மட்டும். இது தனி வீடியோ, சப்ஸ்கிரைப் செய்துவிட்டுக் காத்திருங்கள்.

[திரையில்: ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை, அலையோரக் குப்பை]

"அப்படியென்றால் ஈஸ்ட் கோஸ்ட்டில் ஏன் இவ்வளவு பிளாஸ்டிக் கிடக்கிறது?" நல்ல கேள்வி. கடலுக்கு எல்லைக் கோடு கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஈஸ்ட் கோஸ்ட் போன்ற தெற்குக் கரைகளில் குப்பை கூடும். வடகிழக்குக் காற்றில் பாசிர் ரிஸ், சாங்கி பக்கம் கூடும். நம் நீரிணையில் கப்பல் போக்குவரத்து வேறு, எந்த நேரத்திலும் துறைமுகத்தில் சுமார் ஆயிரம் கப்பல்கள். கரையில் பிக்னிக் முடித்துப் பையை மறந்துவிட்டுப் போகும் நம் ஆட்களையும் கணக்கில் சேருங்கள், அங்கே எந்த அணையும் இல்லை. லிம் சூ காங் சதுப்புநிலக் காட்டுக்குள் வேர்களுக்கு நடுவே மாட்டியிருப்பதைத் தொண்டூழியர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் இன்னொரு வகைப் பிளாஸ்டிக் இருக்கிறது. யாருமே பயன்படுத்தாத பிளாஸ்டிக். கடை அலமாரியையே பார்க்காதது.

[திரையில்: உள்ளங்கையில் வெண்மணிகள்]

பார்க்க அச்சு அசல் ஜவ்வரிசி. பாயசம் வைக்கத் தோன்றும், தயவுசெய்து வேண்டாம். இவற்றை நர்டில் என்கிறார்கள். பாட்டில், பை, நாற்காலி என்று நீங்கள் பார்க்கும் பெரும்பாலான பிளாஸ்டிக் பொருள்கள் தொழிற்சாலைக்கு இந்த மணிகளாகத்தான் வந்து இறங்குகின்றன. நம் ஜூரோங் தீவிலும் பிளாஸ்டிக் மூலப்பொருள் தயாராகிறது. சாக்குகளில் அடைத்து, கொள்கலனில் ஏற்றி, உலகம் முழுக்கக் கப்பலில் போகும். சாக்கு கிழிந்தால்? கப்பல் எரிந்தால்?

எரிந்தது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பலில் தீப்பிடித்தது. சிங்கப்பூர்க் கொடி தாங்கிய கப்பல், கட்டிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஜூன் தொடக்கத்தில் மூழ்கத் தொடங்கியது. அதில் சுமார் 1,680 டன் மணிகள். நீர்கொழும்புப் பக்கக் கரைகளில் மணலே தெரியாத அளவுக்கு வெள்ளையாகக் கிடந்தன. மீனவர்களைக் கடலுக்குப் போகாதே என்று நிறுத்திவைத்தார்கள். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியபோது, அதே மாதிரி மணிகள் கேரளக் கரையைத் தாண்டிக் கன்னியாகுமரி வரை வந்து ஒதுங்கின.

மணலில் கலந்துவிட்டால் சல்லடை போட்டுத்தான் பிரிக்க வேண்டும். மீனுக்கும் பறவைக்கும் அவை முட்டை மாதிரித் தெரிகின்றன. இத்தனைக்கும் கப்பலில் ஏற்றும்போது இவை ஆபத்தான சரக்குப் பட்டியலில் இல்லை. 2024இல் அனைத்துலகக் கடல்துறை அமைப்பு, நல்ல பொதியில் கட்டுங்கள், முடிந்தவரை கப்பலின் கீழ்த்தளத்தில் வையுங்கள் என்று பரிந்துரை செய்தது. வெறும் பரிந்துரை! ஸ்ட்ராவைத் தடை செய்யச் சண்டை போடும் நாம், இந்த மணிகளைக் கட்டாய விதிக்குள் கொண்டுவர ஏன் குரல் கொடுப்பதில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஸ்ட்ரா கண்ணுக்குத் தெரிகிறது, கொள்கலன் தெரிவதில்லை, அவ்வளவுதான் போல.

உலகப் பிளாஸ்டிக் ஒப்பந்தமா? 2024இல் பூசானில் பேசினார்கள், 2025இல் ஜெனீவாவில் பேசினார்கள், இரண்டு இடத்திலும் முடிவு வரவில்லை.

[திரையில்: பாட்டில் திரும்ப வாங்கும் இயந்திரம்]

சரி, நம் கைக்கு எட்டுவது என்ன? பணப்பை. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு. "குப்பை கட்டப் பைக்கு எங்கே போவது" என்று முணுமுணுத்த அத்தனை பேரும் இப்போது துணிப்பையோடு வரிசையில் நிற்கிறார்கள். ஐந்தே காசு!

அடுத்தது பானக் கொள்கலன் திட்டம். 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் உலோக டின்னுக்கும் 10 காசு முன்பணம், திருப்பிக் கொடுத்தால் காசும் திரும்பும். 2025 என்றார்கள், பிறகு 2026 ஏப்ரல் 1 என்று தள்ளிவைத்தார்கள். இலக்கு 80%. ஜெர்மனியில் 25 சென்ட், அங்கே கிட்டத்தட்ட எல்லாப் பாட்டிலும் திரும்பி வருகிறது.

ஜெர்மனியை விடுங்கள், இதில் நமக்கு முன்னோடி டாஸ்மாக்! சிரிக்காதீர்கள், உண்மை. நீலகிரியில் காலி மதுப்புட்டிகள் காட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2022இல் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் திருப்பித் தந்தால் பணத்தையும் திருப்பித் தரும் திட்டத்தைத் தொடங்கினார்கள். போதையில் இருப்பவரும் 10 ரூபாயை மறக்கவில்லை. புட்டிகள் திரும்பி வந்தன, திட்டம் வேறு மாவட்டங்களுக்கும் போனது. யானைமேல் பாசம் வந்தா கொண்டுவந்து கொடுத்தார்கள்?

நான் கவனிக்கும் விஷயம், அந்த 10 காசை யார் எடுப்பார்கள் என்பது. நீங்கள் சோம்பேறித்தனத்தில் வீசிய பாட்டிலை உணவங்காடியில் மேசை துடைக்கும் பாட்டி எடுக்கலாம், பழைய சாமான் வாங்கும் காராங்குனி அங்கிள் எடுக்கலாம். யாருமே எடுக்காத காசு திட்டத்தை நடத்தும் அமைப்பிடம் தங்கிவிடும். என்னைக் கேட்டால் 20 காசாக வைத்திருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்குப் பத்துப் பாட்டில் சுமப்பதும் ஐந்து பாட்டில் சுமப்பதும் ஒன்றில்லை, வயதானவர்களுக்கு இன்னும் அதிக வித்தியாசம்.

உங்கள் கணக்கு என்ன? 12ஆவது மாடியிலிருந்து ஒரு காலிப் பாட்டிலோடு கீழே இறங்கி வர உங்களுக்கு எத்தனை காசு வேண்டும்? எண்ணை மட்டும் கமெண்டில் போடுங்கள். "அம்மா போகச் சொன்னால் சும்மாவே போவேன்" என்பவர்கள் ஒரு பூஜ்யம் போடலாம்.