நொச்சித் தழை ஒரு பிடி 40 ரூபாயா?

வணக்கம் மக்களே. குரல் கம்மியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு நாளாக ஜலதோஷம். மூக்கு ஒழுகினால்கூடத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்துவிடுவேன். இந்தத் தலைபாரம்தான் ஆளைச் சாய்க்கிறது. வாசலில் கோலம் போடக் குனிந்தால் புருவத்துக்கு மேலே அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருக்கிறது. நெற்றி எலும்பிலும் கன்னத்து எலும்பிலும் காற்றறைகள் உண்டு, அதுதான் சைனஸ். சளியில் அதன் வாசல் வீங்கி அடைத்துக்கொண்டால் இப்படித்தான் வலிக்கும்.

ஆவி பிடிக்கலாம் என்று நேற்று சந்தையில் நொச்சித் தழை கேட்டேன். ஒரு பிடி 40 ரூபாய்! எண்ணிப் பார்த்தேன், எட்டே கொத்து. கொத்து 5 ரூபாய். அதிலும் பாதி பழுத்த இலை. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால் கரையில் கேட்பாரில்லாமல் மண்டிக் கிடப்பது இது! வாங்காமல் வந்துவிட்டேன். வரும் வழியில், பின்தெருக் காலி மனையில் ஒரு செடி நிற்கிறது! விரித்த கைவிரல் மாதிரி இலை, அடிப்பக்கம் சாம்பல் பூத்த வெளுப்பு. கசக்கி மோந்தேன், அதே நெடி. மனைக்காரரிடம் கேட்டு ஒரு பை நிறையப் பறித்தேன்.

பத்து நிமிடம் ஆவி பிடித்ததும் தலை லேசானது. சளியையே இது விரட்டாது, அடைப்பு கொஞ்ச நேரம் இளகும், அவ்வளவுதான். ஒன்று சொல்ல விட்டுப்போச்சு: பாத்திரத்தை மடியில் வைக்காதீர்கள், ஆடாத இடத்தில் வையுங்கள். குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம், கொதிநீர் கொட்டினால் வெந்துவிடும். அப்புறம் இரவில் சுக்கை உரைத்துப் பற்றுப் போட்டேன். தைலம் எனக்கு ஆகவே ஆகாது, கண் எரியும்.

கோபம் வந்தது மருந்துக்கடையில். தலைவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என இரண்டு மாத்திரை கொடுத்து, சேர்த்தே போடச் சொன்னார்கள். அட்டையின் பொடி எழுத்தை ஃபோனில் படமெடுத்துப் பெரிதாக்கினால், இரண்டிலும் பாரசிட்டமால் 500 மில்லிகிராம்! ஒரு வேளைக்கு 1000. நாலு வேளை போட்டால் 4000, பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவே அதுதான். அதைத் தாண்டினால் ஈரல் கெடும். தயவுசெய்து அட்டையைப் படியுங்கள். நான் ஒன்றை மட்டும் போட்டேன், போதுமாக இருந்தது.

பத்து நாளாகியும் குறையவில்லை, கழுத்து விறைக்கிறது, கண்ணைச் சுற்றி வீங்குகிறது என்றால் நேரே டாக்டரிடம் போங்கள், கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

மாடித் தோட்டத்தில் தக்காளி பட்டுப்போன தொட்டி ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒரு நொச்சிக் குச்சியை நட்டுவிட்டேன். துளிர்த்ததும் காட்டுகிறேன்.