மாயூரம் முன்சீப்

வழக்கறிஞர் நண்பர்களே, நீதிமன்ற ஊழியர்களே,

மாயூரம் என்று, இன்றைய மயிலாடுதுறையான இந்த ஊரின் பழைய பெயரை முன்னால் வைத்துத்தான் வேதநாயகம் பிள்ளையை எல்லாரும் சொல்கிறோம். தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நாவல் வந்தது 1879-ல். அதற்குள் அவர் நீதிபதி நாற்காலியை விட்டு இறங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. நான் பேச வந்தது அந்த நாற்காலியைப் பற்றி.

1826-ல் திருச்சிப் பக்கம் குளத்தூரில் பிறந்தவர். திருச்சி கோர்ட்டில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, ஆவணக் காப்பாளர். பிறகு மொழிபெயர்ப்பாளர். 1857-ல் தரங்கம்பாடி முன்சீப், அதாவது கீழ்நிலை சிவில் நீதிபதி. டேனிஷ்காரர்கள் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்று 12 ஆண்டுதான் ஆகியிருந்தது. அப்புறம் சீர்காழி, அப்புறம் இங்கே.

முன்சீப் ஆன பிறகும் மொழிபெயர்ப்பை அவர் விடவில்லை. ஹைகோர்ட்டுக்கு முன்பிருந்த மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் கோர்ட்டின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்று 1862-ல் வெளியிட்டார். சென்னையில் ஹைகோர்ட் தொடங்கிய அதே ஆண்டு. நாவலைவிட இதுதான் பெரிய காரியம் என்பது என் கட்சி.

ஏன் என்றால், நான் பட்ட பாடு அப்படி. முன்சீப்பாகச் சேர்ந்த புதிது. கூண்டில் ஒரு பாட்டி. "எங்க வீட்டுக்காரர் அந்த ரெண்டு மா நிலத்தையும் ஒத்திக்கு விட்டாருங்க" என்றார். நான் நகரத்தில் வளர்ந்தவன். "குத்தகைக்கு விட்டார்" என்று டைப்பிஸ்டுக்குச் சொல்லிவிட்டேன். டைப்பிஸ்டின் விரல் அப்படியே நின்றது. முன்வரிசையில் ஒரு வக்கீல் இருமினார். பாட்டி மட்டும் தயங்கவில்லை: "குத்தகை இல்லீங்க சாமி, ஒத்தி."

குத்தகை என்றால் உழுகிறவர் நிலக்காரருக்கு நெல்லோ பணமோ அளக்க வேண்டும். ஒத்தி அப்படியில்லை. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக நிலத்தை அனுபவிப்பார். அசலைக் கட்டினால் நிலம் திரும்பி வரும். சொல் மாறினால் வழக்கே வேறு. அடித்துத் திருத்தி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். தமிழைத் தமிழில் எழுதும்போதே இந்தக் கதி. ஆங்கிலம் வழியாக நீதி நடந்த காலத்தில் எத்தனை ஒத்தி குத்தகையாகிப் போயிருக்கும்! மொழிபெயர்ப்பாளராக இருந்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

லஞ்சத்தைப் பற்றியும் அவர் வாய்மூடி இருக்கவில்லை. பதவியில் இருக்கும்போதே வெளியிட்ட நீதிநூலில் கைக்கூலிக்குத் தனி அதிகாரம் வைத்தார். கோர்ட் வளாகத்தில் இருந்துகொண்டு அதை எழுதத் துணிச்சல் வேண்டும்.

இன்றைக்கு முன்சீப்பாகச் சேர்கிறவர் சப் ஜட்ஜ், மாவட்ட நீதிபதி என்று ஏறலாம். இவர் முன்சீப்பாகவே ஓய்வு பெற்றார். பிறகு 1876-78 பஞ்சத்தில் இந்த ஊரில் கஞ்சித்தொட்டி திறந்தார். இங்கேயே வாழ்ந்த, நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதைப் பார்த்து அவர்மேல் கீர்த்தனை பாடினார். முன்சீப்மேல் கீர்த்தனை! நம்மைப் பற்றிப் படிக்கட்டில் இறங்கும்போது கட்சிக்காரர்கள் பாடுவதை நானும் கேட்டிருக்கிறேன். அதற்கு ராகம் கிடையாது.