அதே அச்சில் வார்த்த மற்றவர்கள் எங்கே?

நடுவர் அவர்களே, வணக்கம். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் என்ற அமெரிக்கப் பாட்டுக் குழு இத்தனை வருடம் நிலைத்து நிற்பது தயாரித்தவர் போட்ட திட்டத்தாலா, பாடிய ஐந்து பேராலா? எதிரணித் தலைவர் திட்டம்தான் என்று அடித்துப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் சொன்னதில் பாதியை நானே ஒப்புக்கொள்கிறேன். அவருக்காகக் கை தட்டுவதென்றால் இப்போதே தட்டிவிடுங்கள், அப்புறம் வாய்ப்பு கிடைக்காது.

குழுவைச் சேர்த்தது லூ பேர்ல்மேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. விமானங்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த மனிதர். நியூ கிட்ஸ் ஆன் த பிளாக் என்ற பையன்களின் பாட்டுக் குழு விமானம் எடுத்துப் பறக்கும் அளவுக்குச் சம்பாதிப்பதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது, 1992இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் பத்திரிகை விளம்பரம் கொடுத்துப் பையன்களைத் தேடினார். 1993இல் ஐந்து பேரும் சேர்ந்தாயிற்று. சொந்த நாட்டில் முதலில் யாரும் சீந்தவில்லை. ஜெர்மனிதான் முதலில் கொண்டாடியது, அமெரிக்காவில் ஆல்பம் வெளிவரவே 1997 ஆகிவிட்டது. சரி, இதுவரை திட்டம் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் நடுவர் அவர்களே, அதே மனிதர் அதே ஊரில் அதே திட்டத்தை மறுபடி மறுபடி போட்டாரே! என்சிங்க் வந்தது, ஓ-டவுன் வந்தது, டேக் ஃபைவ், நேச்சுரல் என்று வரிசையாகக் குழுக்கள் வந்தன. என்சிங்க் ஜெயித்தது, ஒப்புக்கொள்கிறேன், ஒரு கட்டத்தில் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸையே விற்பனையில் முந்தியது. ஆனால் 2001க்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு புது ஆல்பம்கூட வரவில்லை. நம் தலைப்பு எழுந்ததைப் பற்றி மட்டுமில்லை, நின்றதைப் பற்றியும்தான்.

இன்னொன்று கேளுங்கள். ஐந்து பேர் பாடுகிற குழுவில் ஆறாவது உறுப்பினர் என்று சொல்லிப் பங்கு வாங்கிக்கொண்டிருந்தார் பேர்ல்மேன். வயிறு எரியாதா? 1998இல் அவர் மேலேயே வழக்குப் போட்டார்கள். அதற்கு அடுத்த வருடம்தான் 'மில்லேனியம்' ஆல்பம் வந்து, முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 11 லட்சத்துக்கு மேல் விற்றது. பண மோசடிக்காக 2008இல் அவருக்கு 25 வருடச் சிறை விதித்தார்கள், 2016இல் சிறையிலேயே இறந்தும் போனார். இவர்கள் பாடுவதை நிறுத்தவில்லை.

பாட்டெல்லாம் ஸ்வீடனில், ஸ்டாக்ஹோமில் மேக்ஸ் மார்ட்டின் என்ற பாடலாசிரியர் எழுதிக் கொடுத்தது, இவர்கள் வாயசைத்தார்கள் என்று எதிரணியில் ஒருவர் கேலி செய்தார். 'ஐ வான்ட் இட் தட் வே' பாட்டின் வரிகளில் அர்த்தமே இல்லை என்று இன்றுவரை எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள், இல்லையா? அர்த்தம் வரும்படி மாற்றி எழுதிய இன்னொரு வடிவத்தையும் அப்போதே பதிவு செய்தார்கள். கேட்டுப் பார்த்துவிட்டு, அர்த்தமில்லாத பழைய வரிகளே போதும் என்று பிடிவாதமாக நின்றது இந்தப் பையன்கள்தான். எது காதில் தங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

புவேர்ட்டோ ரிக்கோவில் மெனுடோ என்று ஒரு குழு இருந்தது. பையனுக்கு வயது ஏறினால் வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்தில் புதுப் பையனை நிறுத்துவார்கள். சுத்தமான திட்டம் என்றால் அதுதான்! இங்கே 2006இல் கெவின் ரிச்சர்ட்சன் விலகினார். மற்ற நால்வரும் அவர் இடத்தில் யாரையும் கொண்டுவரவில்லை, நால்வராகவே பாடினார்கள், 2012இல் அவரே திரும்பி வந்தார். 2019இல் 'டிஎன்ஏ' ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனபோது எல்லோரும் நடுத்தர வயதை நெருங்கிவிட்டார்கள், சிலர் எட்டியும்விட்டார்கள். பாய்ஸ் என்ற பெயரைப் பார்த்து அவர்களுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். எதிரணியினருக்கு ஒரே ஒரு கோரிக்கை. டேக் ஃபைவ் குழுவின் ஏதாவது ஒரு பாட்டை, இரண்டே வரி போதும், இந்த மேடையில் பாடிக் காட்டுங்கள். நடுவர் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே நான் உங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.