வாஷிங்டனுக்கு வெளியே எழுதப்பட்ட சட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க நீதிபதிகள் என்றதும் வாஷிங்டனில் வெள்ளைப் பளிங்குக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேர்தான் நம் நினைவுக்கு வருவார்கள். அவர்களைப் பற்றிப் பத்திரிகைகளே போதுமான அளவு எழுதுகின்றன. இன்றைக்கு அவர்களைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, மாநிலங்களின் உச்சியில் இருக்கும் நீதிமன்றங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வீட்டு வாடகை, கார் விபத்து, ஒப்பந்தம், கல்யாணம், விவாகரத்து என்று ஒரு சாதாரண அமெரிக்கர் அன்றாடம் முட்டிக்கொள்ளும் சட்டத்தில் பெரும்பகுதி மாநிலங்களுடையது. அதைச் செதுக்கியதில் இந்த நீதிபதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து நாம் டெல்லிக்குப் போகலாம். அங்கே அப்படி இல்லை. மாநிலச் சட்டம் மட்டுமே சம்பந்தப்பட்ட வழக்கு என்றால், மாநிலத்தின் உச்சியிலுள்ள நீதிமன்றம் சொல்வதோடு கதை முடிந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். நியூயார்க் தீர்ப்பு கலிஃபோர்னியாவைக் கட்டுப்படுத்தாது. பக்கத்து மாநில நீதிபதி அதைப் பின்பற்றுகிறார் என்றால், அதிலுள்ள நியாயம் அவருக்குப் பிடித்திருக்கிறது என்று பொருள். அதிகாரம் துளியும் இல்லாமல், எழுத்தின் வலுவை மட்டுமே நம்பி ஊர் ஊராகப் போன தீர்ப்புகள் இவை.

சரி, ஒரு வழக்கைப் பார்ப்போம். டொனால்ட் மாக்ஃபெர்சன் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்தச்சர். 1910இல் விற்பனையாளர் ஒருவரிடம் பியூக் கார் வாங்கினார். உடல்நலமில்லாத அண்டை வீட்டுக்காரரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போது ஒரு சக்கரத்தின் மர ஆரக்கால்கள் நொறுங்கின. கார் சரிந்தது, அவர் தூக்கியெறியப்பட்டு அடிபட்டார். சக்கரத்தைச் செய்தது வேறொரு நிறுவனம். அதை வாங்கிக் காரில் பூட்டியது பியூக். கொஞ்சம் சோதித்திருந்தாலே மரத்தின் குறை தெரிந்திருக்கும், ஆனால் சோதிக்கவில்லை என்பதற்குச் சாட்சியம் இருந்தது.

பியூக்கின் வாதம் எளிமையானது. "இவர் எங்களிடம் கார் வாங்கவில்லை. விற்பனையாளரிடம் வாங்கினார். எங்களுக்கும் இவருக்கும் ஒப்பந்தமே இல்லையே!" கேட்க அநியாயமாகத் தோன்றினாலும், அன்றைய சட்டம் அதுதான். இங்கிலாந்தில் ஒரு தபால் வண்டி உடைந்து வண்டிக்காரர் காயம்பட்டார். அவருக்கும், வண்டியைப் பராமரிக்க ஒப்புக்கொண்டவருக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை என்று சொல்லி 1842இல் வழக்கைத் தள்ளினார்கள். விஷம் போன்ற ஆபத்தான பொருள்களுக்கு மட்டும் விதிவிலக்கு இருந்தது. காரை விஷப் புட்டியோடு சேர்க்க முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும் என்று 1916இல் எழுதியவர் பெஞ்சமின் கார்டோசோ. நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனியில், மாநிலத்தின் உச்சியிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவருடைய அப்பாவும் நியூயார்க்கில் நீதிபதியாக இருந்தவர். ஊழல் புகாரில் சிக்கி 1872இல் பதவி விலகியவர். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு மகன் அதே தொழிலுக்கு வந்தார்.

அவர் செய்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பழைய சட்டத்தைத் தூக்கி எறிகிறேன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. பழைய தீர்ப்புகளையே வரிசையாக எடுத்து வைக்கிறார். தவறான பெயர் ஒட்டிய விஷ மருந்து, சரிந்து விழுந்த சாரம், வெடித்த காபி கொதிகலன். பாருங்கள், நம் நீதிமன்றமே படிப்படியாக எங்கே வந்து நிற்கிறது என்று காட்டுகிறார். பிறகுதான் அடி விழுகிறது: கவனக்குறைவாகச் செய்தால் உயிருக்கு ஆபத்து வரும் என்று நியாயமாகவே தெரிகிற எந்தப் பொருளும் ஆபத்தான பொருள்தான். மணிக்கு ஐம்பது மைல் ஓடும்படி செய்த கார், சக்கரம் உறுதியாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? குதிரை வண்டிக் காலத்துத் தீர்ப்புகள் இன்றைய பயணத்துக்குப் பொருந்தாது என்றும் எழுதினார். தலைமை நீதிபதி பார்ட்லெட் மட்டும் மறுத்தார். விபத்தின்போது கார் எட்டு மைல் வேகத்தில்தான் போனது என்று அவர் குத்திக்காட்டியதை நான் ரசித்துப் படித்திருக்கிறேன். மறுப்புத் தீர்ப்பு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு மாநிலம் மாநிலமாக இந்தத் தீர்ப்பு பரவியது. கடலும் தாண்டியது. ஸ்காட்லாந்தில் இஞ்சி பியர் புட்டிக்குள் நத்தை கிடந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கில் 1932இல் லண்டனில் தீர்ப்பு வந்தபோது, நீதிபதி ஆட்கின் பிரபு கார்டோசோவின் தீர்ப்பை மதிப்போடு எடுத்துக்காட்டினார். அந்த நத்தை வழக்கைப் படிக்காமல் நம் ஊர்ச் சட்டக் கல்லூரியிலிருந்து யாரும் வெளியே வர முடியாது. ஆக, அந்தக் கல்தச்சருக்கும் நமக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு.

இதே பாதையில் கலிஃபோர்னியாவில் இன்னும் தூரம் நடந்தவர் அந்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ரோஜர் டிரெய்னர். ஓட்டல் பணிப்பெண் ஒருவர் கையில் கோகோ கோலா புட்டி வெடித்தது. கவனக்குறைவை நிரூபிக்கவே தேவையில்லை, குறையுள்ள பொருளைச் சந்தைக்கு அனுப்பியவரே பொறுப்பு என்று 1944இல் டிரெய்னர் தனித் தீர்ப்பு எழுதினார். அன்று யாரும் கூடச் சேரவில்லை. 1963இல் அதே கருத்தை முழு நீதிமன்றமும் ஏற்றது, எழுதியவரும் அவரே. அப்புறம் நாடு முழுக்கப் பரவியது.

டிரெய்னர் அத்தோடு நிற்கவில்லை. ஆந்திரியா பெரெஸ், சில்வெஸ்டர் டேவிஸ் என்ற ஜோடிக்கு லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகம் திருமண உரிமம் மறுத்தது. பெண் வெள்ளையினத்தவர் என்று கணக்கிடப்பட்டவர், மாப்பிள்ளை கறுப்பினத்தவர். 1948இல் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அந்தத் தடை விழுந்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் டிரெய்னர். அன்றைக்குப் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படித் தடை இருந்தது. வாஷிங்டன் இதே முடிவுக்கு வந்து சேர 1967 வரை ஆனது.

இதுவரை நல்ல பிள்ளைகளைப் பற்றியே பேசிவிட்டேன். கெட்ட தீர்ப்புக்கும் கால் உண்டு. லெமுவல் ஷா முப்பது ஆண்டுகள் மாசசூசெட்ஸின் தலைமை நீதிபதி. தொழிலாளர்கள் சங்கம் சேர்வதே குற்றச் சதி ஆகாது என்று 1842இல் சொன்ன மனிதர். அவர் முன்னால் சாரா ராபர்ட்ஸ் என்ற சிறுமியின் வழக்கு வந்தது. ஐந்து வெள்ளையர் பள்ளிகளைத் தாண்டி நடந்து, கறுப்பினக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய பள்ளிக்கு அவள் போக வேண்டியிருந்தது. சார்லஸ் சம்னரும், கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மோரிஸும் அவளுக்காக வாதாடினார்கள். சாதகமான தீர்ப்பு வரவில்லை. இந்த வெறுப்பைச் சட்டம் உண்டாக்கவில்லை, சட்டத்தால் மாற்றவும் முடியாது என்ற பொருளில் ஷா எழுதினார். மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 1855இலேயே சட்டம் போட்டு அந்தப் பிரிவினையை ஒழித்தது. ஆனால் தீர்ப்பு சாகவில்லை. 1896இல் வாஷிங்டன் நீதிமன்றம் ரயில் பெட்டிகளில் நிறப் பிரிவினையை அனுமதித்தபோது, ஷாவின் இந்தத் தீர்ப்பையே ஆதாரமாகக் காட்டியது. பள்ளிகளில் இந்தப் பிரிவினை செல்லாது என்று அதே நீதிமன்றம் சொல்ல 1954 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஷாவை மகா மேதை என்று பாராட்டுபவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கடைசியாக, இவர்களுடைய வேலை எவ்வளவு நிரந்தரமானது? பல மாநிலங்களில் நீதிபதிகளும் வாக்காளர் முன் நிற்க வேண்டும். கார்டோசோவே முதலில் தேர்தலில் ஜெயித்துத்தான் நீதிபதி ஆனார். 2009இல் அயோவா உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கு இருந்த தடை செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில், இவர்கள் பதவியில் தொடரலாமா என்ற வாக்கெடுப்பு மூன்று நீதிபதிகளுக்கு வந்தது. தலைமை நீதிபதி மார்ஷா டெர்னஸ் உட்பட மூவரும் தோற்று வீட்டுக்குப் போனார்கள். தீர்ப்பை யாராலும் அசைக்க முடியவில்லை. அயோவாவில் அந்தத் திருமணங்கள் தொடர்ந்து நடந்தன.

நன்றி. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.