புட்டுத் திருவிழாவும் ஒரு சாயங்கால மழையும்

வணக்கம் நேயர்களே.

சின்னக் குழந்தைகளைத் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போவது பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். சரி என்றேன். கேட்டதுமே எனக்கு நினைவுக்கு வந்தது ஓர் ஆவணி மாதத்து மழை. ஆகவே பொதுவாகப் பேசுவதைவிட அந்த ஒரு நாளைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். அன்று நாங்கள் ஐந்து பேர். நான், என் கணவர், அத்தை, 6 வயது மகள், மூன்று வயது நிரம்பாத மகன். போன இடம் மதுரை புட்டுத்தோப்பு.

மதுரைத் திருவிழா என்றதும் வெளியூர்க்காரர்கள் சித்திரையைத்தான் சொல்வார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு ஈடு எதுவும் இல்லைதான். ஆனால் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளோடு போகிறவர்கள் என்னைக் கேட்டால், ஆவணி மூலத் திருவிழாவுக்குப் போங்கள் என்பேன். சித்திரை வெயில் இல்லை, அவ்வளவு நெரிசலும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு நாளைக்கு ஒரு கதை. சிவபெருமானின் 64 திருவிளையாடல்களில் சிலவற்றை நாளுக்கு ஒன்றாக நடத்திக் காட்டுகிறார்கள். கரிக்குருவிக்கு உபதேசம், நாரைக்கு மோட்சம், தருமிக்குப் பொற்கிழி, வளையல் விற்றது, நரியைப் பரியாக்கியது, புட்டுக்கு மண் சுமந்தது, விறகு விற்றது. நான் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். ஒரு கதையைக் கையில் கொடுத்துவிட்டால் ஆறு வயதுப் பிள்ளை எவ்வளவு தூரமும் நடக்கும், எவ்வளவு நேரமும் காத்திருக்கும். இதை வகுப்பறையிலும் பார்த்திருக்கிறேன், வீதியிலும் பார்த்திருக்கிறேன். வளையல் விற்ற லீலைக்குப் போய்விட்டு வந்ததிலிருந்தே மகள் அங்கே வாங்கிய கண்ணாடி வளையலைத் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை.

புட்டுத் திருவிழா அன்று காலையிலேயே அத்தை வாசலில் நின்று மேற்கே பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "இன்னிக்கு மழை இருக்கு. போறதுன்னா வெள்ளனப் போயிட்டு வந்துரணும்." ஆவணியில் மதுரைக்கு மழை வருகிற விதமே தனி. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்ளும். நமக்குக் கிடைப்பது பகல் முழுக்க அடித்த வெயிலில் எழும்பும் மேகம். வானிலைச் செய்தியில் வெப்பச்சலன மழை என்பார்கள். மத்தியானம்வரை வெயில் சுள்ளென்று அடிக்கும். மூன்று நான்கு மணிக்கு வானம் கறுக்கும். அப்புறம் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். ஆகவே மழைக்குப் பயந்து திருவிழாவை விட வேண்டியதில்லை. முற்பகலில் போய்விட்டுச் சாயங்காலத்துக்குள் ஒரு கூரைக்கு அடியில் இருந்தால் போதும். எங்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் அன்று நேரத்தைக் கோட்டைவிட்டோம்.

செல்லூரிலிருந்து ஆற்றைக் கடந்தால் ஆரப்பாளையம். பாலத்தில் நடக்கும்போதுதான் கதையைத் தொடங்கினேன். வைகையில் வெள்ளம் வந்து கரை உடைந்தது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டிய ராஜா உத்தரவு போட்டான் என்றேன். மகள் பாலத்தின் கைப்பிடிக் கம்பி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். ஆற்றின் நடுவே ஓடை அளவுக்குத் தண்ணீர், மிச்சமெல்லாம் புல்லும் ஆகாயத்தாமரையும். "இதுலயாம்மா வெள்ளம் வந்துச்சு?" மேலே தேனிப் பக்கம் அணை கட்டி 1959-லிருந்து தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் விடுகிறார்கள், அதற்கும் முன்னாலிருந்து, 1895-இல் கட்டிய பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து இந்தப் பக்கம் தண்ணீர் வருகிறது என்றெல்லாம் அவள் அப்பா சொல்லிப் பார்த்தார். அவளுக்கு அது ஏறவில்லை. வறண்ட ஆற்றைக் காட்டி வெள்ளம் என்றால் எந்தப் பிள்ளை நம்பும்?

மீதிக் கதையை அத்தை சொன்னார்கள். புட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆளும் இல்லை, அம்பும் இல்லை. அவளுக்குப் பதிலாக ஒரு கூலியாள் வந்தான். காசு வேண்டாம், உதிர்ந்த புட்டைக் கூலியாகக் கொடுத்தால் போதும் என்றான். அன்றைக்குப் பார்த்து அவித்த புட்டெல்லாம் உதிர்ந்துபோனது. அவன் தின்றான், ஆடினான், பாடினான், மரத்தடியில் படுத்துத் தூங்கினான். வந்தியின் பங்குக் கரை மட்டும் அடைபடாமல் கிடந்தது. ராஜா பிரம்பால் அவன் முதுகில் ஓங்கி அடித்தான். அந்த அடி ராஜா முதுகிலும் விழுந்தது, ஊரில் இருந்த ஒவ்வொருவர் முதுகிலும் விழுந்தது. வந்த கூலியாள் சொக்கநாதர். இதைத்தான் புட்டுத்தோப்பில் வருஷா வருஷம் நடத்துகிறார்கள். மீனாட்சியும் சுந்தரேஸ்வரரும் கோயிலிலிருந்து இங்கே எழுந்தருள்கிறார்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் தெய்வானையோடு வருகிறார். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் வருகிறார். குதிரை வாங்க வைத்திருந்த பணத்தைக் கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிட்டு ராஜாவிடம் தண்டனை பட்டவர் அவர். அவருக்காகத்தானே வைகையே பெருகியது. "முருகன் அவங்க அம்மா அப்பாவப் பாக்க வந்திருக்காரு" என்று மகனிடம் சொன்னேன். அவனுக்கு அது ஒன்று போதுமானதாக இருந்தது.

மண் சுமக்கும் நிகழ்ச்சி மத்தியானம் ஒரு மணியைத் தாண்டித்தான். அந்தக் கூட்டத்தில் ஆறு வயதுப் பிள்ளையின் உயரத்திலிருந்து பார்த்தால் தெரிவது இடுப்பும் முதுகும்தான். அப்பா தோளில் ஏற்றிக்கொண்டதும் மண்வெட்டியையும் கூடையையும் பார்த்துவிட்டாள். அடி விழும் இடத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அதோடு திரும்பியிருக்கலாம். வாசலில் புட்டு வாசனை இழுத்துவிட்டது. ஓர் அம்மா அடுப்பில் பாத்திரத்தை வைத்து, துணி விரித்த தட்டில் ஈர மாவைத் தூவினாற்போல் பரப்பி மூடினார். ஆவி கிளம்பியதும் அப்படியே ஒரு தாம்பாளத்தில் கவிழ்த்தார். கட்டியாக விழுந்த புட்டு விளிம்பில் மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தது. அதன் மேல் தேங்காய்ப் பூ, நாட்டுச் சர்க்கரை, ஒரு துளி நெய். இலைத் துண்டில் வாங்கி நீட்டினேன். மகள் கட்டியாக இருந்ததைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டு, "உதிர்ந்ததெல்லாம் எனக்கு" என்றாள். அந்த அம்மா கேட்டுவிட்டுத் தாம்பாளத்தின் விளிம்பை வழித்து இன்னும் ஒரு கை அவள் இலையில் போட்டார். காசு வாங்கவில்லை.

சாயங்காலம் சுவாமி திரும்புவதையும் பார்த்துவிட்டு, அப்படியே மாசி வீதிவரை கூடவே போகலாம் என்று எங்களுக்கு ஆசை. மூன்று மணி தாண்டியிருக்கும். காற்று சட்டென்று குளிர்ந்து மண் வாசனை அடித்தது. எண்ணிப் பத்து துளி. அடுத்த நிமிஷம் கொட்டத் தொடங்கிவிட்டது. கூட்டம் அங்கிட்டும் இங்கிட்டும் சிதறியது. எனக்கு முன்னால் தவில்காரர் ஒருவர் தன் தலையைப் பற்றிக் கவலைப்படாமல் தோள் துண்டையும் ஒரு பாலித்தீன் தாளையும் தவிலின் மேல் சுற்றிக் குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு ஓடினார். ஈரம் பட்டால் தோல் தளர்ந்துவிடும், சத்தம் வராது. நான் அவரைப் பார்த்தபடி மகனைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஒரு பூட்டிய கடையின் தகரச் சார்ப்புக்குக் கீழே போய் நின்று திரும்பினேன். அத்தை வந்துவிட்டார்கள். அவர் வந்துவிட்டார். மகள் இல்லை.

அவள் அப்பாவோடு என்று நான் நினைத்தேன். என்னோடு என்று அவர் நினைத்தார். ஐந்து நிமிஷத்துக்கு மேல் இருக்காது. அந்த ஐந்து நிமிஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. காலையில் அவள் கையில் பேனாவால் எங்கள் செல்பேசி எண்ணை எழுதியிருந்தேன். மழையில் அது ஓர் ஊதாக் கறையாக வழிந்து போயிருந்தது. அதை அப்புறம்தான் பார்த்தேன். எதிர்ச் சாரியில் பூக்காரம்மா ஒருவர் தன் பிளாஸ்டிக் தாளை அவள் தலைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கவிழ்த்துப் போட்ட பூக்கூடையின் மேல் என் மகள். "நகரக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க, அதான் நகரல" என்றாள். அந்த டீச்சர் நான்தான். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வது அது. தொலைந்துவிட்டால் தேடி ஓடாதே, நின்ற இடத்தில் நில், பக்கத்தில் கடை போட்டிருக்கும் அம்மாவிடமோ போலீஸிடமோ சொல்.

பெற்றோருக்கு இதோடு இரண்டு விஷயம் சொல்கிறேன். எண்ணைக் கையில் எழுதாதீர்கள். துணித் துண்டில் அழியாத மையால் எழுதி, சட்டையின் உள்பக்கம் தைத்துவிடுங்கள். கூட்டத்துக்குள் நுழையும் முன்பே எந்தப் பிள்ளை யார் பொறுப்பு என்று வாய்விட்டுப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நாங்கள் செய்யாமல் விட்டது அதுதான். தேடிக் கிடைக்காவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தயங்காமல் பக்கத்தில் இருக்கும் காவலரிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, எந்த நேரமும் எடுப்பார்கள்.

மழை விடுகிற பாடாக இல்லை. சார்ப்பின் ஓரத்தில் தண்ணீர் கோடாக ஒழுகி, தரையில் ஓடி, கடை வாசற்படி வரைக்கும் ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் கரைந்து கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் காலடிக்கு வந்துகொண்டிருந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று குனிந்து, புட்டு வாங்கிய இலையால் மணலை அள்ளிப் படியை ஒட்டிக் கொட்டினாள். இன்னொரு அள்ளு. தம்பியும் என் கையை உதறிவிட்டு இறங்கி இரண்டு கையாலும் அள்ள ஆரம்பித்தான். சார்ப்பில் ஒதுங்கியிருந்த இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு முழ நீளத்துக்குக் கரை எழும்பியது. தண்ணீர் ஓரிடத்தில் முட்டி, சுழன்று, மெல்லிய இடமாகப் பார்த்து உடைத்துக்கொண்டு வந்தது. "அம்மா, உடைஞ்சிருச்சு! எவ்வளவு போட்டாலும் உடைக்குதும்மா!" என்று அவள் கத்தினாள். பாலத்தில் நின்று 1959, 1895 என்று நாங்கள் சொன்னது ஏறாத பிள்ளைக்கு, வெள்ளம் என்றால் என்ன, ஊரே எதற்காகக் கூப்பிடப்பட்டது என்பது அந்த ஒரு முழக் கரையில் ஏறிவிட்டது. நான் தடுக்கவில்லை. உடுப்புப் பாழாகிறதே என்று அத்தைகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதற்குப் பிறகு பார்த்ததையும் சொல்ல வேண்டும். மழை கொஞ்சம் ஓய்ந்து கிளம்பியபோது, தண்ணீர் மூடியிருந்த தெருவோரத்தில் என் கணவரின் கால் முழங்கால்வரை இறங்கியது. எதற்கோ தோண்டி, மூடாமல், தடுப்பும் வைக்காமல் விட்ட பள்ளம். அவர் நெட்டையானவர், சமாளித்துவிட்டார். தோளில் மகள் இல்லாமல், முன்னால் அவள் நடந்து போயிருந்தால்? ஆயிரக்கணக்கில் ஜனம் வரும் நாள் என்று தெரிந்தும் ஒரு தடுப்புக் கம்பு நடாமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. யாரோ ஒரு தம்பி வேப்பங்கிளையை ஒடித்து வந்து பள்ளத்தில் நட்டுவிட்டுப் போனார். தண்ணீர் தேங்கிய தெருவில் பிள்ளைகளை நடக்க விடாதீர்கள், தூக்கிக்கொள்ளுங்கள். அலங்கார விளக்கு கட்டிய கம்பம், பந்தல்கால், இரும்புத் தடுப்பு எதையும் ஈரக் கையோடு தொட விடாதீர்கள். இடி இடிக்கும்போது மரத்தடி வேண்டாம். கூட்டத்தில் குடை மற்றவர் கண்ணைக் குத்தும், நம் ஒரு கையையும் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பதில் இரண்டு பருத்தித் துண்டு, ஒரு மாற்றுடுப்பு, எல்லாவற்றையும் போட்டுக் கட்ட ஒரு பாலித்தீன் பை, கொதித்து ஆறிய தண்ணீர். இவ்வளவுதான் இப்போது எங்கள் திருவிழாப் பை.

சுவாமி திரும்புவதைப் பார்க்க நாங்கள் நிற்கவில்லை. தூறலில் நாயனச் சத்தம் மட்டும் பின்னாலிருந்து கேட்டது. தவில் சத்தமும் கேட்டது, எனக்கு அதில் ஒரு நிம்மதி. பாலத்தில் வரும்போது மகள் மறுபடியும் கீழே எட்டிப் பார்த்தாள். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. "சத்தம் கூடியிருக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்து தலை துவட்டி, சுடச்சுட ரசம் சோறு ஊட்டிப் படுக்க வைத்தேன். விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்.

"அப்பத்தா, சாமிய அடிச்சப்ப எல்லாருக்கும் வலிச்சுச்சுல்ல?"

"ஆமாத்தா."

"சின்னப் பிள்ளைகளுக்கும் வலிச்சுச்சா?"

"வயித்துக்குள்ள இருந்த பிள்ளைக்குக்கூட வலிச்சுச்சாம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வளையல் குலுங்கியது. பார்த்தால், தூங்கிக்கொண்டிருந்த தம்பியைப் புரட்டி, அவன் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.